மண்புழுவின் உடலில் உலோகத்தடம்: ஆப்பிள் தோப்பிலிருந்து ஆயக்குடிக் கொய்யாத் தோப்பு வரை

மண்புழுக்கள் மண்ணை உருவாக்கும் விதத்தை டார்வின் 1881இல் தனி நூலாகவே எழுதினார். அதே புழுவை உலோக மாசின் சாட்சியாகக் கொள்ளும் சிந்தனைக்கு மேலும் எண்பது ஆண்டுகள் பிடித்தன. அதற்கு வழி திறந்தது ஓர் ஆப்பிள் தோப்பு. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ரா, 1962இல் வெளியிட்ட ஆய்வில், செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லியைப் பல ஆண்டுகள் தெளித்துவந்த தோப்பில் உதிர்ந்த இலைகள் மட்காமல் மெத்தைபோல் படிந்து கிடந்ததைப் பதிவு செய்தார். இலையை வளைக்குள் இழுத்துச் செல்லும் மண்புழு அங்கே அருகிப்போயிருந்தது.

எண்ணிக்கையிலிருந்து உடலுக்குள் ஆய்வு நகர்ந்தது 1970களில். அமெரிக்க நெடுஞ்சாலை ஓரங்களில் கிஷ், கிறிஸ்டென்சன் இருவரும் 1973இல் நடத்திய ஆய்வு, சாலையை நெருங்க நெருங்கப் புழுக்களில் ஈயமும் காட்மியமும் கூடுவதைக் காட்டியது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. புழுவின் குடலில் எப்போதும் மண் இருக்கும். அப்படியே எரித்து அளந்தால் மண்ணின் உலோகமும் புழுவின் கணக்கில் ஏறிவிடும். எனவே ஈரமான வடிதாளில் ஓரிரு நாள் வைத்துக் குடலைக் காலியாக்கிய பிறகே அளக்க வேண்டும். குடலைச் சுற்றியுள்ள மஞ்சள்பழுப்புத் திசுவில் ஈயம் துகளாகச் சேர்வதும், காட்மியத்தை ஒரு புரதம் பிணைத்துவைப்பதும் பின்னர் தெளிவாயின. பிரிட்டனின் ஏவன்மவுத் உருக்காலைச் சுற்றுப்புறத்தில், ஈரக் கல்லடியில் வாழும் நிலவாழ் ஓட்டுயிரிகளிலும் இதே போன்ற சேமிப்பு நடப்பதை ஹாப்கினும் அவர் சகாக்களும் காட்டினர்.

1984இல் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பான ஓஇசிடி, மண்புழு நச்சுத்தன்மைக்கான 207ஆம் எண் சோதனை முறையை வகுத்தது. எழுபது விழுக்காடு மணல், இருபது விழுக்காடு கயோலின் களிமண், பத்து விழுக்காடு ஸ்பாக்னம் பாசிமட்கு கலந்த செயற்கை மண்ணில் 14 நாள் புழுவை விட்டுப் பார்ப்பது அதன் சாரம். நாடுகளுக்கிடையே ஒப்பிட இது உதவியது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதில் பரவலாகப் பயன்படும் ஐசீனியா ஃபெடிடா எருக்குவியலில் வாழும் புழு. மட்கு குறைந்த நம் செம்மண்ணில் உலோகம் அந்தச் செயற்கை மண்ணில்போல் கட்டுண்டு கிடப்பதில்லை. அங்கே கிடைத்த வரம்பை அப்படியே இங்கே பொருத்துவது தவறு என்பதே என் உறுதியான கருத்து.

திண்டுக்கல் மாவட்டத்துக்கு இந்த அக்கறை புதிதல்ல. 2001இல் மூடப்பட்ட கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் எவ்வளவு தூரம் பரவியது என்பதை, 2003இல் வெளியான ஆய்வொன்று மரங்களில் படரும் கல்பாசி இனங்களையும் பாசிகளையும் கொண்டு காட்டியது. அவை காற்றுவழி வந்த மாசைச் சொல்லும். மண்ணின் கதைக்கு மண்ணில் வாழும் உயிர்தான் வேண்டும். சமவெளியில் சிக்கல் வேறு. திண்டுக்கல் தோல் ஷாப்புகளின், அதாவது தோல் பதனிடும் ஆலைகளின், கழிவில் குரோமியத்தோடு உப்பும் சேர்ந்தே வருகிறது. உப்பு தாளாமலும் மண்புழு மறையும். புழு இல்லை என்பதை மட்டும் வைத்துக் குரோமியத்தின் மேல் பழி போட்டுவிட முடியாது. மண்ணின் உவர்த்தன்மையையும் உடன் அளந்தாக வேண்டும்.

இதற்கு அடித்தளமான கணக்கெடுப்பு உள்ளூரிலேயே நடந்திருக்கிறது. காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகத்தில் கர்மேகம், டேனியல் இருவரும் சிறுமலை அடிவார மண்புழுக்களின் இனங்களையும் அடர்த்தியையும் ஆராய்ந்து எழுதினர். தமிழகச் சமவெளியில் பரவலாகக் கிடைக்கும் லாம்பிட்டோ மாரிட்டீ, வயலிலும் தோப்பிலும் வளை தோண்டி வாழ்வது. சுட்டுயிரியாக நான் முதலில் தேர்வது அதைத்தான்.

இதே மாவட்டத்து ஆயக்குடியின் கொய்யாத் தோப்புகளில் ராவின் கேள்வியை அப்படியே கேட்கலாம். கொய்யாவின் பாசி இலைப்புள்ளிக்குக் காப்பர் ஆக்ஸி குளோரைடு பரிந்துரைக்கப்படுகிறது. செம்பு சிதையாது, மேல்மண்ணில் தங்கும். நெடுங்காலம் தெளித்த தோப்பு, தெளிக்காத தோப்பு இரண்டிலும் மரநிழலில் 25 செ.மீ. சதுரத்தில் 30 செ.மீ. ஆழம் தோண்டிப் புழுக்களைக் கையால் பொறுக்கி, எண்ணி, குடலைக் காலியாக்கிச் செம்பை அளக்க வேண்டும். கோடையில் புழுக்கள் ஆழத்துக்கு இறங்கிவிடும் என்பதால், ஐப்பசி கார்த்திகையில் மண் நன்றாக நனைந்த பிறகு தோண்டுவதே சரி.