கௌரி பார்வதி பாய்

கௌரி பார்வதி பாய் (1802–1853): நாஞ்சில் நாடு உள்ளிட்ட திருவிதாங்கூரை 1815 முதல் 1829 வரை ஆண்ட அரசப் பிரதிநிதி. தாய்வழி மரபுரிமை (மருமக்கள்தாயம்) கொண்ட அரச குடும்பத்தில் ஆற்றிங்கல் இளவரசியாக அரண்மனைக் கட்டுப்பாட்டுக்குள் வளர்ந்தார். 1815இல் ஆட்சியிலிருந்த தமக்கை கௌரி லட்சுமி பாய் மறைந்தபோது பட்டத்துக்குரிய அவரது மகன் சுவாதித் திருநாள் கைக்குழந்தை. எனவே ஏறக்குறைய பதின்மூன்று வயதில் ஆட்சிப் பொறுப்பு இவரிடம் வந்தது. தொடக்க ஆண்டுகளில் ஆங்கிலேய ரெசிடெண்ட் கர்னல் மன்றோவின் ஆலோசனை ஆட்சியில் வலுவாக இருந்தது.

கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்ற 1817ஆம் ஆண்டு அரசாணை இவர் காலத்தின் முதன்மையான நடவடிக்கை. எளிய சாதியினர் பொன், வெள்ளி நகை அணிவதற்கும் ஓட்டு வீடு கட்டுவதற்கும் இருந்த தடைகள் தளர்த்தப்பட்டன. நாகர்கோவில் லண்டன் மிஷன் செமினரிக்கு வயல் வாங்க ரூ. 5,000 வழங்கினார். அச்செமினரியே பின்னாளில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது. அதே மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மீட் பாதிரியார் நாகர்கோவிலில் நீதிபதியாகவும் அமர்த்தப்பட்டார்.

எனினும் சாதி ஒழுங்கை இவரது அரசு முற்றாகக் கைவிடவில்லை. மேலாடை உரிமை குறித்து எழுந்த தோள்சீலைக் கலவரத்தையொட்டி 1829 பிப்ரவரியில் வெளியான பிரகடனம், நாடார் பெண்கள் மேல்சாதிப் பெண்களைப் போல மேலாடை அணிவதைத் தடுத்தது. அவ்வாண்டே ஆட்சி சுவாதித் திருநாளிடம் ஒப்படைக்கப்பட்டது. நாடார் பெண்களின் மேலாடை உரிமையை 1859இல்தான் திருவிதாங்கூர் அரசு ஏற்றது.