வினாத்தாளுக்குள் வராத மாரண்டஹள்ளி: பல்கலைக்கழகக் குற்றவியலில் கற்பித்தலும் மதிப்பீடும்

2023 மார்ச் 7 அதிகாலையில், தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளியை அடுத்த காளிக்கவுண்டன்கொட்டாயில் 3 காட்டு யானைகள் மின்சாரம் தாக்கி இறந்தன. விளைநிலத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கம்பியில் சட்டத்துக்குப் புறம்பாக மின்சாரம் பாய்ச்சப்பட்டிருந்தது. கூட வந்த 2 குட்டிகள் பிழைத்தன. இறந்து கிடந்தவற்றை விட்டு அவை நகரவில்லை. நில உரிமையாளர் கைது செய்யப்பட்டார்.

குற்றம் செய்தவர் யார், பாதிக்கப்பட்டவர் யார், தடுக்கக் கடமைப்பட்டிருந்தவர் யார் என்ற மூன்று கேள்விகள்தாம் குற்றவியல் என்னும் துறையைத் தாங்கி நிற்பவை. இந்த நிகழ்வில் மூன்றுக்கும் எளிதான விடை கிடையாது. ஆனால் நம் கல்லூரிகளில் குற்றவியல் படிக்கும் மாணவர், பட்டம் பெறும்வரை இப்படியொரு நிகழ்வைத் தேர்வுத்தாளில் சந்திக்காமலே போய்விட முடியும். குற்றவியல் கல்வியைச் சீர்திருத்த வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் நாம் பாடத்திட்டத்தைக் கையில் எடுக்கிறோம். சைபர் குற்றம் என்று ஓர் அலகு, தடய அறிவியல் என்று ஓர் அலகு சேர்க்கிறோம். திருத்தம் வினாத்தாளில் தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். எது கேட்கப்படுமோ அதுதான் வகுப்பில் நடத்தப்படுகிறது. எதற்கு மதிப்பெண்ணோ அதுதான் படிக்கப்படுகிறது.

தமிழ்நாட்டில் இத்துறைக்கு அறிவுப் பின்னணி குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. 1959இல் சாகர் பல்கலைக்கழகம் குற்றவியல், தடய அறிவியல் துறையைத் தொடங்கியதை இந்தியாவில் முன்னோடி முயற்சியாகக் கொள்வர். அதையடுத்து இப்பாடம் வேர்விட்ட இடங்களில் சென்னைப் பல்கலைக்கழகம் முக்கியமானது. 1970இல் இந்தியக் குற்றவியல் சங்கம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு உருவானது. பாதிக்கப்பட்டோரியலை இந்தியாவில் நிலைநிறுத்தியவர்களில் கு. சொக்கலிங்கத்தின் பெயர் தவிர்க்க முடியாதது. திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கா. ஜெய்சங்கர் 2007இல் சைபர் குற்றவியலுக்கென்றே ஒரு பன்னாட்டு ஆய்விதழைத் தொடங்கினார். ஆய்வில் உலகத்தோடு பேசிய இந்தத் துறை, இளங்கலைத் தேர்வறையில் மட்டும் குறிப்புப் புத்தகத்தோடு நின்றுவிட்டது.

பருவத்தேர்வுக்கு 75, அகமதிப்பீட்டுக்கு 25 என்ற பங்கீடும், ‘வரையறு’, ‘விளக்குக’, ‘விவரி’ என முடியும் வினாக்களும் நமக்குப் பழகியவை. ‘லொம்ப்ரோசோவின் கோட்பாட்டை விளக்குக’ என்ற வினாவையே எடுத்துக்கொள்வோம். மாணவர் 1876 என்ற ஆண்டை எழுதுகிறார். மண்டையோட்டு அளவுகளை எழுதுகிறார். பிறவிக் குற்றவாளி என்ற கருத்து பின்னர் மறுக்கப்பட்டது என்று முடிக்கிறார். முழு மதிப்பெண் விழுகிறது. குற்றப் பரம்பரையினர் சட்டமோ வேறோர் அலகில், வேறோர் ஐந்து மதிப்பெண் வினாவாகக் காத்திருக்கிறது. அச்சட்டம் 1871இல் வந்தது. 1911இல் சென்னை மாகாணத்துக்கு நீட்டிக்கப்பட்டது. அதன்கீழ் ரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. சட்டம், 1876இல் வந்த லொம்ப்ரோசோவின் நூலுக்கு ஐந்தாண்டு மூத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அப்படியானால் இத்தாலிய மருத்துவரின் கோட்பாட்டிலிருந்து இந்தச் சட்டம் பிறக்கவில்லை. பரம்பரையே குற்றம் என்ற எண்ணம் காலனி ஆட்சிக்கு எங்கிருந்து கிடைத்தது? இங்கிருந்த சாதி பற்றிய புரிதல் அதில் எவ்வளவு, நிர்வாக வசதி எவ்வளவு? இரண்டு அலகுகளையும் இணைத்து இப்படி ஒரு வினா கேட்டால், மனப்பாடம் அங்கேயே நின்றுபோகும்.

மாரண்டஹள்ளி வழக்குக்கு வருவோம். குற்றத் தடுப்புப் பற்றிய பாடத்தில் ‘இலக்கைக் கடினமாக்குதல்’ என்ற உத்தி நல்ல உத்தியாகவே சொல்லித்தரப்படுகிறது: பூட்டு, வேலி, கண்காணிப்புக் கேமரா. விவசாயி தன் பயிரைச் சுற்றிக் கம்பி கட்டியதும் அதே உத்திதான். சேதத்தைத் தடுக்கும் கருவியே குற்றத்தின் கருவியாகிவிட்ட இந்த நிலையைப் பாடநூலின் அந்த அத்தியாயம் எதிர்பார்க்கவே இல்லை. 1979இல் கோஹனும் ஃபெல்சனும் முன்வைத்த அன்றாடச் செயல்பாட்டுக் கோட்பாடு, உந்துதல் கொண்ட குற்றவாளி, தகுந்த இலக்கு, காவலின்மை என்ற மூன்றும் ஓரிடத்தில் கூடும்போது குற்றம் நிகழும் என்கிறது. இங்கே யானையைக் கொல்லும் உந்துதல் இருந்ததா? நிலத்துக்காரர் தூங்கிக்கொண்டிருக்கும்போதும் கம்பி விழித்திருக்கிறது. கோட்பாடு இந்த இடத்தில் பொருந்தவில்லை என்று காரணத்தோடு எழுதும் மாணவர், அதன் மூன்று கூறுகளையும் பிழையின்றி ஒப்பிப்பவரைவிடக் கூடுதலாக அறிந்தவர். நம் விடைக்குறிப்பில் அவருக்குத் தனி மதிப்பெண் இல்லை.

1957இல் சைக்ஸும் மாட்சாவும் வகுத்துத் தந்த ஐந்து சமாதானங்கள் இதே வழக்கில் உயிர்பெறும். ‘பன்றிக்குத்தான் கட்டினேன், யானை வரும் என்று தெரியாது’ என்பது பொறுப்பை மறுப்பது. ‘வனத்துறை வந்து என் பயிரைக் காப்பாற்றியதா?’ என்பது குற்றம் சாட்டுபவரையே குற்றம் சாட்டுவது. ‘பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டுமே’ என்பது மேலான கடமையைக் காட்டுவது. தருமபுரி மாவட்டத்து மாணவர்கள் இந்தப் பேச்சுகளை வீட்டிலும் டீக்கடையிலும் கேட்டு வளர்ந்தவர்கள். பாலக்கோடு, மாரண்டஹள்ளி, பஞ்சப்பள்ளிப் பக்கம் தக்காளியும் கேழ்வரகும் பயிரிடும் குடும்பத்திலிருந்து வரும் மாணவிக்கு, இந்தச் சமாதானங்களில் எது வெறும் சாக்கு, எது நியாயமான குறை என்று பிரித்துப் பார்க்கும் வாய்ப்பைக் குற்றவியல் வகுப்பு தர வேண்டும். 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட வனப்பகுதி காவிரி தெற்கு வனஉயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. யானை இறப்பு அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகு. காகிதத்தில் உயர்ந்த பாதுகாப்புக்கும் காட்டோர வயலுக்கும் நடுவே இருந்த இடைவெளியைத்தான் அந்த மாணவி எழுத வேண்டும்.

சட்டப் பகுதியிலும் இப்படித்தான். 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம், தன் முதல் பட்டியலில் உள்ள விலங்கைக் கொல்வதை வேட்டைக் குற்றமாகவே நடத்துகிறது. தண்டனை 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை. அதே கம்பியில் மனிதர் மாட்டி இறந்தால் வழக்கு வேறு சட்டத்துக்குப் போகும். மின்திருட்டுக்கு 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் தனியே உண்டு. தண்டனையின் கடுமையைவிட அதன் உறுதியே குற்றத்தைத் தடுக்கும் என்று பெக்காரியா 1764இல் எழுதியதை எல்லா மாணவரும் படிக்கிறார்கள். இரவில் கம்பியில் மின்சாரம் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டியவர் மின்வாரியப் பணியாளரா, வனக்காவலரா, கிராம நிர்வாக அலுவலரா? பெக்காரியாவின் வாதம் தருமபுரியில் செல்லுமா என்பது இந்த ஒரு கேள்வியில் தெரிந்துவிடும். சட்டப்பிரிவு எண்களை ஒப்பிப்பது எவ்வளவு நிலையற்ற அறிவு என்பதை 2024 ஜூலை 1 காட்டிவிட்டது. பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்த அன்று, தலைமுறைகளாக மனப்பாடம் செய்யப்பட்ட கொலைக் குற்றப் பிரிவு 302, 103 ஆனது. எண்ணை மட்டும் படித்தவரிடம் மிஞ்சியது எதுவும் இல்லை.

புள்ளிவிவரப் பாடம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் ஆண்டறிக்கை, ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் இருந்தால் அவற்றுள் கடுமையான ஒன்றையே கணக்கில் எடுக்கிறது. வனத்துறை தானே பதிவுசெய்து நீதித்துறை நடுவரிடம் நேரடியாக முறையிடும் வழக்கு, காவல்துறைக் கணக்கின் எந்தக் கட்டத்தில் வரும், வருமா என்று தேடச் சொன்னாலே போதும். அட்டவணையை அப்படியே நகலெடுத்து ‘குற்றம் கூடியுள்ளது’ என்று எழுதும் பழக்கம் அந்த ஒரு பயிற்சியில் ஆட்டம் காணும்.

மாரண்டஹள்ளிப் பகுதிக்கே உரிய இன்னொரு பொருள் உண்டு. அதைப் பாடநூல் எழுதியவர்கள் யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். இங்கே வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் நிறைய. சாட்சி ஒருவர் தன் வீட்டுமொழியில் நினைத்ததைத் தமிழில் சொல்கிறார். காவலர் அதைக் காவல்நிலையத் தமிழில் எழுதுகிறார். புலனாய்வின்போது எழுதப்படும் அந்த வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்திடக் கூடாது என்பது சட்டம். பின்னர் கூண்டில் நிற்கும்போது, ‘காவல்துறை விசாரணையில் நீங்கள் இப்படிச் சொல்லவில்லையே’ என்று குறுக்கு விசாரணை வரும். முரண்பாடு சாட்சியுடையதா, எழுதியவருடையதா? சாட்சிய நம்பகத்தன்மை பற்றி ஆங்கிலப் பாடநூலில் உள்ள உளவியல் சோதனைகள் பயனுள்ளவையே. ஆனால் நம் விசாரணை நீதிமன்றங்களில் சாட்சியம் தமிழில் பதிவாகிறது. தமிழ்வழி மாணவர் இந்தத் துறையில் இரண்டாந்தர மாணவர் என்ற எண்ணம் ஆசிரியர்களிடமே இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. மூல ஆவணத்தை நேரடியாகப் படிக்கக் கூடியவர் அவர்தான்.

அரசே குற்றவாளியாகும் நிலை பாடத்தில் எங்கே இருக்கிறது என்ற கேள்வியை இம்மாவட்டத்தில் தவிர்க்க முடியாது. 1992 ஜூன் 20 அன்று அரூர் வட்டம் வாச்சாத்தியில், சந்தன மரக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி நுழைந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் ஊரைச் சூறையாடினர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு முடிவதற்குள் இறந்துபோயினர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. தருமபுரியிலிருந்து மாணவர்கள் பேருந்தில் போய்வரும் தூரத்தில் நடந்த குற்றம் இது. காவல் பணியைக் கனவாகக் கொண்டு இப்பாடத்தில் சேரும் இளைஞர் ஏராளம். சீருடை அணியப்போகும் அவர்களுக்கு இந்தத் தீர்ப்பைப் பாடமாக வைப்பது துறையின் கடமை என்று கருதுகிறேன். நீல்ஸ் கிறிஸ்டி 1986இல் ‘இலட்சியப் பாதிப்பாளர்’ பற்றி எழுதினார்: யாரைப் பாதிக்கப்பட்டவராக ஏற்கச் சமூகம் தயங்காதோ அவரே அந்தத் தகுதியைப் பெறுகிறார். பழங்குடிப் பெண்களின் சொல் நீதிமன்றத்தில் நிலைபெற 19 ஆண்டு ஏன் தேவைப்பட்டது என்பதை விளக்க இதைவிடப் பொருத்தமான கருவி கிடைப்பது அரிது. ஆனால் மாணவர்களை வாச்சாத்திக்கு ‘களப்பணி’க்கு அனுப்பக் கூடாது. அந்தப் பெண்கள் தங்கள் துயரை எத்தனையோ அதிகாரிகளிடமும் நீதிமன்றத்திலும் சொல்லி முடித்துவிட்டார்கள். ஒரு மாணவரின் மதிப்பெண்ணுக்காக மீண்டும் சொல்ல வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. தீர்ப்பு பொது ஆவணம், அது போதும். காளிக்கவுண்டன்கொட்டாய்க்கும் இந்த விதி பொருந்தும்.

மனப்பாட வினாவுக்குப் பதிலாக, ஒரு வழக்கின் ஆவணங்களை மாணவர் தானே ஆராய்ந்து எழுதும் வழக்குக் கோப்பை மதிப்பிட வேண்டும் என்பதே என் யோசனை. அதற்கு எழும் மறுப்புகளில் வலுவானது நேர்மை பற்றியது. மனப்பாடத் தேர்வில் முறைகேட்டுக்கு இடம் குறைவு, எல்லாருக்கும் ஒரே வினா, திருத்துபவர் முகம் தெரியாதவர். வழக்குக் கோப்பு, நேர்முகம் என்று போனால் ஆசிரியரின் விருப்பு வெறுப்பு நுழையும் என்பார்கள். அகமதிப்பீட்டு மதிப்பெண் பல இடங்களில் வருகைப்பதிவின் மறுவடிவமாக இருப்பதைப் பார்க்கும்போது இந்த அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. அதனால் புதிய மதிப்பீட்டுக்கும் முகமறியாத் திருத்தம் வேண்டும். ஒரு கல்லூரியின் கோப்புகளை இன்னொரு கல்லூரி ஆசிரியர் இரண்டாவதாகப் படிக்க வேண்டும். எது சிறந்த பணி, எது சுமாரான பணி என்பதற்கு மாதிரிகள் பருவத் தொடக்கத்திலேயே மாணவர் கையில் இருக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதிவாங்கும் ஆபத்தும் உண்டு. பத்து நிமிட வாய்மொழித் தேர்வில், ‘இந்த மகஜரில் எந்த வரியை நீ நம்பவில்லை, ஏன்?’ என்று கேட்டால் கோப்பைத் தானே எழுதியவர் யார் என்பது வெளிப்பட்டுவிடும்.

மூலப்பொருள் கிடைக்காது என்பது மற்றொரு மறுப்பு. 2016இல் உச்ச நீதிமன்றம், உணர்வுபூர்வமான வழக்குகள் நீங்கலாக முதல் தகவல் அறிக்கைகளை இணையத்தில் ஏற்ற ஆணையிட்டது. நீதிமன்றங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை; பாலியல் குற்ற விசாரணைகள் போன்ற சில மட்டுமே மூடிய அறையில் நடப்பவை. பாலக்கோடு நீதிமன்றத்தில் ஒரு நாள் பின்வரிசையில் உட்கார்ந்து, எத்தனை வழக்குகள் வாய்தா வாங்கின, யார் வரவில்லை, எதற்காகத் தள்ளிவைக்கப்பட்டன என்று குறித்துவரும் மாணவருக்கு, ‘நீதித் தாமதத்தின் காரணங்கள்’ என்ற பத்து மதிப்பெண் வினாவைத் தனியே நடத்த வேண்டியதில்லை.

75 மதிப்பெண் தேர்வை மாற்றப் பாடத்திட்டக் குழுவும் கல்விக் குழுவும் கூட வேண்டும்; அதற்குக் காலம் பிடிக்கும். அக்குழுக்கள் செய்யக் கூடியதில் முதன்மையானது, ஒவ்வொரு தாளிலும் மாணவர் முன்பு பார்த்திராத ஓர் ஆவணத்தை, பெயர்கள் நீக்கிய ஒரு முதல் தகவல் அறிக்கையையோ தீர்ப்பின் ஒரு பக்கத்தையோ, அச்சிட்டுக் கொடுத்து, சட்டநூலையும் கையில் வைத்துக்கொள்ள அனுமதித்து, 30 மதிப்பெண்ணுக்காவது அதன்மீது வினா அமைப்பது. அதுவரை, ஒப்படைவு, கருத்தரங்கு என்ற பெயரில் ஆசிரியர் கையிலேயே இருக்கும் பங்கில் வழக்குக் கோப்பை அடுத்த பருவத்திலேயே தொடங்கலாம். முதல் கோப்புக்கான வழக்கை அந்தந்த மாவட்டத்திலிருந்தே எடுக்க வேண்டும்.