பேய்க்கதையும் சித்திரப்படமும்

பாட்டிமாரை ஊரில் விட்டு, ராமச்சந்திராபுரத்திற்குப் பிழைக்க வந்த நம் இல்லங்களில், பிள்ளைகளுக்குப் பேய்க்கதை சொல்வது இன்று படந்தான். எனவே படத்தை எடைபோட நாம் கற்க வேண்டும்.

சார்லஸ் டிக்கன்ஸ் 1843 டிசம்பரில் வெளியிட்ட ‘கிறிஸ்துமஸ் கரோல்’ வெறும் பேய்க்கதை அன்று. தந்தை கடனால் சிறைப்பட, 12 வயதில் தொழிற்சாலையில் உழைத்தவரின் குமுறல் அது. வாரம் 15 ஷில்லிங்குக்கு உழலும் எழுத்தர் கிராச்சிட்டிடம், எழுத்தர்களாகிய நாம் நம்மையே காண்கிறோம்.

1971இல் ரிச்சர்டு வில்லியம்ஸ் அதனைக் குறுஞ்சித்திரப்படமாக்கினார். 1973இல் ஆஸ்கர் விருது கிடைத்தது. மூலநூலுக்கு ஜான் லீச் வரைந்த ஓவியங்களின் சாயலைத் தழுவினார். அச்சுறுத்தியதோடு நில்லாமல், அறியாமை, வறுமை என்னும் இரு குழந்தைகளையும் மறைக்காது காட்டினார். அதனாலேயே அது நல்ல தழுவல்.

பேய் மிரட்டியதா என்பதன்று, பிறர் பசி நமக்கு உறைத்ததா என்பதே அளவுகோல். பாட்டியும் அதற்காகவே கதை சொன்னாள்.