கைப்பிடி அரிசியும் பங்காளர் படிவமும்

ஜார்ஜ்டவுனில் எங்கள் ஆச்சியின் அடுப்படியில் இரண்டு மைலோ டின்கள் இருந்தன. ஒன்றில் சீனி, மற்றதில் அரிசி. தினமும் உலைக்கு அரிசி அளந்ததும், அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அந்த இரண்டாவது டின்னில் போடுவார். மாதக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும். ஒருமுறை வீட்டில் அரிசி தீர்ந்தபோது, டின்னைத் திறக்கலாமே என்று கேட்டேன். "அது நம்ம அரிசி இல்லலே, குடுத்தாச்சு" என்றார்.

கொடுத்தது கொடுத்ததுதான், அதற்கு மேல் கணக்கு இல்லை. இந்த மனநிலை எங்கிருந்து வந்தது, எப்போது மாறியது என்று தேடிப்போனதுதான் இக்கட்டுரை.

கைப்பிடி அரிசி ஆச்சி கண்டுபிடித்தது அல்ல. அவர் குடும்பம் கப்பலேறும்போது திருநெல்வேலியிலிருந்து கூடவே கொண்டுவந்த பழக்கம் அது. அந்தச் சீமையின் கிறிஸ்தவக் கிராமங்களில் காசு அபூர்வம், அரிசி உண்டு. குடும்பத்தின் பணம் ஆண் கையில் இருந்தாலும் அரிசிப் பானை பெண் கையில் இருந்தது. யாரிடமும் அனுமதி கேட்காமல் ஒரு பெண் கொடுக்கக்கூடியது அந்த ஒரு பிடிதான்.

1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. வெள்ளைக்காரர் பணம் வேண்டாம், நம் காசில் நம் ஆட்களை அனுப்புவோம் என்பது அதன் பிடிவாதம். அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா. 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராகி, தெலுங்கு பேசும் தோர்ணக்கல்லுக்குப் போனார். அங்கே அவர் சபையில் பெரும்பாலோர் மாலா, மாதிகா மக்கள், நிலமில்லாக் கூலிகள். அவர்களிடமும் காணிக்கை கேட்டார். தானியமும் கோழியும் வந்தன. 1939-இல் பிரதிஷ்டையான தோர்ணக்கல் பேராலயம், பணம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் இழுத்த வேலை. கொடுப்பதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார் அசரியா.

ஏழையிடம் கேட்பது நியாயமா? இங்கே எனக்கு உறுத்தல் உண்டு. ஆனால் தலைமுறைகளாக மற்றவர் கொடுப்பதை வாங்கியே பழக்கப்படுத்தப்பட்ட ஒருவர் முதன்முதலாகக் கொடுக்கும்போது அவர் நிற்கும் விதமே மாறுகிறது. அசரியா அதைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். இன்னொன்று, அந்தக் கோழி எங்கே போகிறது என்று கொடுத்தவருக்குத் தெரியும். உபதேசியார் அதே ஊரில்தான் இருந்தார்.

இனி கடல் தாண்டுவோம். அமெரிக்காவில் ஐம்பதுகளில் தொலைக்காட்சிக்கு வந்த ஓரல் ராபர்ட்ஸ், காணிக்கைக்கு ஒரு புதுச் சொல் தந்தார்: விதை. விதைத்தால் அறுக்கலாம். கொடுப்பது திரும்பி வரும், பெருகியும் வரும். 1987-இல், 80 லட்சம் டாலர் சேராவிட்டால் கடவுள் தன்னை அழைத்துக்கொள்வார் என்று அவர் சொன்னபோது அமெரிக்காவே சிரித்தது. பணம் என்னவோ சேர்ந்துவிட்டது.

தமிழில் அந்த இடத்துக்கு வந்தவர் டி.ஜி.எஸ். தினகரன். 1935-இல் சுரண்டையில் பிறந்தவர், வங்கி ஊழியர், இளமையில் தற்கொலை வரை போய் மீண்டவர். எழுபதுகளில் 'இயேசு அழைக்கிறார்' தொடங்கியது. துல்சாவில் ராபர்ட்ஸுக்கு ஜெபக் கோபுரமும் பல்கலைக்கழகமும் இருந்தன. சென்னையில் ஜெபக் கோபுரம் எழுந்தது, 1986-இல் கோவையில் காருண்யா கல்லூரி வந்தது. அதே ஆண்டு தினகரனின் மகள் விபத்தில் இறந்தார். கண்ணீரோடு பேசும் அந்தக் குரலை வெறும் வியாபாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. நள்ளிரவில் தொலைபேசியில் ஜெபிக்க ஒரு ஆள் கிடைப்பது பலருக்கு உயிர் பிழைப்பாகவே இருந்தது.

ஆனாலும் சொல் மாறியிருந்தது. காணிக்கை கொடுத்தவர் 'பங்காளர்' ஆனார். பிள்ளைகளுக்கு 'இளம் பங்காளர் திட்டம்' வந்தது. பங்கு என்றால் லாபத்தை எதிர்பார்க்கத்தானே வேண்டும்?

எங்கள் வீட்டுக்கு அந்தக் குரல்கள் முதலில் கேசட்டில் வந்தன, பிறகு குறுந்தகட்டில், இப்போது யூடியூப்பில். வேறு வேறு ஊழியக்காரர்கள், படிவங்கள், வங்கிக் கணக்கு எண்கள். ஆச்சியின் கடைசி வருடங்களில் மைலோ டின்னுக்குப் பக்கத்தில் ஒரு படிவம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. என் பெயரை எழுதி, பரீட்சைக்காக 50 ரிங்கிட் அனுப்பியிருந்தார். "இதுவும் குடுத்தாச்சா ஆச்சி?" என்றேன். கொஞ்சம் யோசித்தார். "இல்லலே, இது உனக்காகப் போட்டது" என்றார்.

கொடுப்பதும் போடுவதும் வேறு வேறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 2021 ஜனவரியில் 'இயேசு அழைக்கிறார்' தொடர்பான இடங்களில் வருமானவரித் துறை சோதனை நடத்தியபோது, இங்கும் காப்பிக்கடைகளில் பேச்சு ஓடியது. சோதனை என்பது தீர்ப்பு அல்ல. என் கேள்வி வரி பற்றியதும் அல்ல. இரண்டு காசு போட்ட விதவையை இயேசு மெச்சினார். அவளுக்கு நான்கு காசு திரும்பி வந்ததாகச் சுவிசேஷத்தில் எங்கும் இல்லை. பிரசங்கங்களில் அந்த விதவை வருகிறாள். அவள் வெறுங்கையோடு வீடு திரும்பியதை யாரும் சொல்வதில்லை.

நான் பரீட்சையில் தேறினேன். ஆச்சி அதைச் சாட்சியாக எழுதி அனுப்பச் சொன்னார். எழுதவில்லை. அந்த மாதமும் டின் நிறைந்துதான் கோயிலுக்குப் போனது.