அரிக்கேன் முதல் எல்.இ.டி. வரை

பொள்ளாச்சிச் சந்தைக்கு இரவோடு இரவாகப் புறப்பட்ட மாட்டு வண்டிகளின் அச்சுக்கடியில் ஓர் அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டிருக்கும். வண்டிக்காரர் பெரும்பாலும் சாய்ந்து உறங்கிக்கொண்டிருப்பார். வழி மாடுகளுக்குத் தெரியும். அப்படியானால் அந்த விளக்கு யாருக்காக? பாதையைப் பார்ப்பதற்கு அந்த மங்கலான ஒளி போதாது. எதிரிலும் பின்னாலும் வருவோர் கண்ணில் வண்டி பட வேண்டும் என்பதற்காகவே அது தொங்கியது. மணிக்கு 4 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு ஒரு மீட்டருக்குச் சற்று மேல் நகரும் வண்டிக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அதே சாலையில் மோட்டார் வந்தபோதுதான் தொல்லை தொடங்கியது. 1920-ஆம் ஆண்டு கலங்கல் கிராமத்து இளைஞர் ஜி. டி. நாயுடு, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தமது முதல் பேருந்தை ஓட்டத் தொடங்கினார். அந்த ஒரு பேருந்திலிருந்து வளர்ந்ததே யு.எம்.எஸ். என்று கோவை மாவட்டத்தார் அழைத்த யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ். உணவு விடுதியில் வேலை செய்து சேர்த்த பணத்தில் ஆங்கில அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் பார்த்தவர் அவர் என்பது இப்பகுதியில் எல்லாரும் அறிந்த செய்தி.

மோட்டாருக்கு ஏன் வலுவான விளக்கு வேண்டும்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர். இடையூறு கண்ணில் பட்டு, கால் பிரேக்கை அழுத்துவதற்குள் ஒரு விநாடி போய்விடுகிறது. அதன் பிறகு, உலர்ந்த தார்ச்சாலையில் வண்டி நிற்பதற்குச் சுமார் 28 மீட்டர் ஆகும். ஆக மொத்தம் 45 மீட்டர். அந்தத் தொலைவுக்கு ஒளி எட்டவில்லை என்றால், ஓட்டுநர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம். பாரம் ஏற்றிய லாரிக்கு இதைவிட அதிகத் தொலைவு வேண்டும்.

அக்காலத்து மோட்டார்களின் முகப்பில் எரிந்தது அசிட்டிலீன் வாயு. 1892-இல் அமெரிக்காவில் தாமஸ் வில்சன் என்பவர் மின் உலையில் வேறொரு பொருளைத் தயாரிக்க முயன்றபோது கால்சியம் கார்பைடு கிடைத்தது. இக்கல்லின் மீது நீர் சொட்டினால் அசிட்டிலீன் வெளிப்படும், சுண்ணாம்பு எஞ்சும். மேலே தண்ணீர்த் தொட்டி, கீழே கார்பைடு, இடையே சொட்டுக் குழாய், எதிரே ஒரு குழி ஆடி. இவ்வளவுதான் விளக்கு. மாம்பழத்தைப் புகை போட்டுப் பழுக்க வைக்கத் தடை விதிக்கப்பட்ட அதே கல்தான் இது! சுடர் வெண்மையாக இருக்கும். காற்றிலும் எளிதில் அணையாது. ஆயினும் சுண்ணாம்பைச் சுரண்டிக் கழுவுவது அன்றாட வேலையாயிற்று.

மின் விளக்கு வந்த வரலாறு சுவையானது. 1912-இல் காடிலாக் கார், டைனமோவும் மின்கல அடுக்கும் கொண்டு வந்தது. விலை குறைந்த ஃபோர்டு மாடல் டி காருக்கோ, 1915-இல் மின் முகப்பு விளக்கு கிடைத்தபோது, அதற்கு மின்சாரம் எஞ்சினோடு சுழலும் மாக்னெட்டோவிலிருந்தே வந்தது. வேகமாகப் போனால் விளக்கு பளிச்சென்று எரியும். மேட்டில் எஞ்சின் திணறினால் விளக்கும் மங்கும். வழி சரியாகத் தெரியாத இடத்தில்தான் ஓட்டுநர் வேகத்தைக் குறைப்பார். அப்போது பார்த்து விளக்கு கைவிடும். சைக்கிள் டயரில் உரசிச் சுழலும் டைனமோவை ஓட்டியவர்களுக்கு இந்தக் கோளாறை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. போலீஸ்காரர் நிறுத்தியதும் விளக்கு அணைந்துவிட, சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிக் காட்டியவர்கள் எத்தனை பேர்!

ஒளி கூடக் கூட வேறொரு கேடும் கூடியது. கண்ணின் விழித்திரையில் இரவுப் பார்வைக்கு உதவும் ரோடாப்சின் என்னும் நிறமி இருக்கிறது. வலுவான ஒளி பட்டால் அது வெளுத்துவிடும். முழுமையாக மீள 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஓரளவு தெளிவு வருவதற்கே சில விநாடிகள் வேண்டும். மூன்று விநாடி என்று வைத்துக்கொண்டாலும், 60 கிலோமீட்டர் வேகத்தில் 50 மீட்டர் தூரம் குருடாக ஓட்டுகிறோம். அந்த 50 மீட்டருக்குள் விளக்கில்லாத கரும்பு வண்டியோ, சாலையோரம் நடந்து போகும் ஆலைத் தொழிலாளியோ இருந்தால் என்ன ஆகும்?

இதற்கு 1920-களில் ஜெர்மானியர் கண்ட வழி மிகவும் நுட்பமானது. ஒரே பல்பில் இரண்டு மின் இழைகள். ஒன்று பரவளைய ஆடியின் குவியத்தில் இருக்கும். அதன் ஒளி இணைக் கற்றையாக நெடுந்தூரம் செல்லும். இதுவே நம்மவர் கூறும் ‘பிரைட்’. மற்றொன்று குவியத்துக்குச் சற்று முன்னால் இருக்கும். அதன் அடியில் சிறு உலோகக் கிண்ணம் ஒன்று, ஆடியின் கீழ்ப்பாதிக்கு ஒளி போகாமல் தடுக்கும். மேற்பாதியில் பட்ட ஒளி கீழ்நோக்கித் திரும்பிச் சாலையில் விழும். இது ‘டிம்’. கிண்ணத்தின் ஓர் ஓரத்தைச் சிறிது வெட்டிவிட்டால், சாலையோரத்தின் பக்கம் மட்டும் ஒளி சற்று உயரும். இடப்புறம் செல்லும் நம் நாட்டில் அது இடப்பக்கம் அமையும். இழையும் கிண்ணமும் ஆடியும் மில்லிமீட்டர் கணக்கில் பொருந்தினால்தான் இது நடக்கும் என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். முகப்புக் கண்ணாடியின் நடுவே கருப்பு வட்டம் ஒட்டும் வழக்கம் ஒளியின் ஒரு பகுதியைத் தடுக்கிறதே தவிர, திசையை மாற்றுவதில்லை.

1962-இல் ஐரோப்பாவிலும், இரட்டை இழையுடன் 1971-இலும் ஹாலஜன் பல்புகள் வந்தன. இழையிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டனை அயோடின் அல்லது புரோமின் திரும்பவும் இழையிலேயே சேர்ப்பதால் பல்பு கறுப்பதில்லை. இழையை மேலும் சூடாக்கி அதிக ஒளி பெறலாம். எனினும் 55 வாட் மின்சாரத்தில் பெரும் பங்கு வெப்பமாகவே போயிற்று. வால்பாறை மலைப்பாதையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் மூடுபனியோடு போராடியவர்கள் மஞ்சள் விளக்கை நம்பினார்கள். பிரான்சு நாடு 1993 வரை மஞ்சள் முகப்பு விளக்கைச் சட்டமாகவே வைத்திருந்தது. ஆனால் பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது. அது எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறடிக்கும். மூடுபனியில் உதவுவது நிறமன்று, தாழ்ந்த கற்றையே.

ஒளி உமிழும் டையோடு 1962-இலேயே சிவப்பு நிறத்தில் எரிந்தது. அமெரிக்காவில் நிக் ஹோலன்யாக் செய்து காட்டினார். நீலம் கிடைக்காமல் முப்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. காலியம் நைட்ரைடு படிகத்தை வசப்படுத்தி அதைப் பெற்றுத் தந்த அகாசாகி, அமானோ, நகமுரா ஆகியோருக்கு 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. நீல ஒளியின் மீது மஞ்சளாக ஒளிரும் பொடியைப் பூசினால் வெண்மை வரும். 2007-இல் லெக்சஸ் காரின் முகப்பில் ஏறிய இவ்விளக்கு, இன்று நம் ஊர் மோட்டார் சைக்கிள்களிலும் சாதாரணமாகிவிட்டது. 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வாகனங்களில் பகலிலும் முகப்பு விளக்கு எரிகிறது. எதிரில் வருபவர் விரல்களைக் குவித்து விரித்து ‘லைட் எரிகிறது’ என்று காட்டிய பழக்கம் பொருளற்றதாகிவிட்டது. அச்சுக்கடியில் தொங்கிய அரிக்கேனின் வேலையைத்தான் அந்தப் பகல் விளக்கு செய்கிறது.

பழைய வண்டியில் புதிய விளக்கை மாட்டும்போதுதான் வரலாறு திரும்புகிறது. 1980-இல் வந்த டி.வி.எஸ். 50 மொபெட், பால் கேனும் தேங்காய் மூட்டையும் சுமந்து கொங்கு நாட்டுத் தோட்டப் பாதைகளெல்லாம் ஓடியது. அதன் விளக்குக்கு மின்சாரம், மாடல் டி காரைப் போலவே, எஞ்சின் மாக்னெட்டோவிலிருந்து வரும் மாறுதிசை மின்னோட்டம். இழை பல்புக்குத் திசை ஒரு பொருட்டன்று. டையோடோ ஒரு திசையில் மட்டுமே மின்சாரத்தை விடும். ஆகவே நேராக இணைத்தால் சிமிட்டும். நான்கு டையோடுகள் கொண்ட திருத்தியும், ஒரு மின்தேக்கியும், மின்னழுத்த ஒழுங்குபடுத்தியும் வேண்டும். இன்னொன்று: பழைய மாக்னெட்டோவில் மின்னழுத்தத்தை அடக்கி வைத்திருந்தது பல்பு இழுத்த மின்னோட்டமே. குறைவாக இழுக்கும் எல்.இ.டி.யை மாட்டினால் அழுத்தம் ஏறும். பின் விளக்கு பல்பு சுட்டுப் போகும். பனி நாடுகளில் ஓடும் பழைய பனி வண்டிகளிலும் இதே சிக்கல் உண்டு. அங்கே கூடுதலாக ஒன்று: எல்.இ.டி. தன் வெப்பத்தைப் பின்பக்கம் உள்ள அலுமினியத் தகடுகளுக்கு அனுப்புவதால் முன் கண்ணாடி சூடாவதில்லை. படியும் பனி உருகாமல் விளக்கையே மறைத்துவிடும்.

நம் ஊரில் பனி இல்லை. கண் கூச்சம் உண்டு. இழைக்காக வடிவமைத்த ஆடிக்குள், கடையில் கிடைத்த எல்.இ.டி. பல்பைத் திருகி விடுகிறார்கள். ஒளிச்சில்லு இழையின் இடத்திலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் விலகினாலும், கிண்ணம் இல்லாவிட்டாலும், ‘டிம்’ கற்றை மேலே கிளம்பி எதிரில் வருபவரின் முகத்தில் விழும். ஓட்டுபவருக்கு வெளிச்சம் கூடியதாகவே தோன்றும். அந்தக் கற்றை யார் கண்ணில் படுகிறது என்பது அவருக்குத் தெரிவதே இல்லை.

சோதித்துப் பார்ப்பது கடினமன்று. சமதரையில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி ‘டிம்’மில் எரிய விடுங்கள். விளக்கின் நடு உயரத்தைவிடச் சுமார் 10 சென்டிமீட்டர் தாழ்வாக ஒளியின் மேல் விளிம்பு தெளிவான கோடாக விழ வேண்டும். கோடே தெரியாமல் ஒளி சிதறினால் அந்தப் பல்பு அந்த ஆடிக்கு உரியதன்று. மொபெட்டாக இருந்தால், ஆளும் வழக்கமான சுமையும் ஏறிய நிலையில் பார்க்க வேண்டும். பின்பாரத்தால் முன்பக்கம் ஒரே ஒரு பாகை உயர்ந்தாலும், 50 மீட்டருக்கு அப்பால் கற்றை 87 சென்டிமீட்டர் மேலே ஏறியிருக்கும்.