வயர்மேன் தேர்வு: கைப்பழக்கம் மட்டும் போதாது

மலாக்கா மாநிலத் தோட்டங்களிலும் நகரத்துத் தாமான்களிலும் வயரிங் வேலை தெரிந்த நம் இளைஞர்களுக்குக் குறைவில்லை. மாமாவுடனோ அண்ணனுடனோ போய்ப் பழகியவர்கள் பலர். ஆனால் வேலை முடிந்ததும் பாரத்தில் கையெழுத்துப் போட வேறொருவரைத் தேட வேண்டியிருக்கிறது. உழைப்பு நம்முடையது, பெயரும் கூடுதல் கூலியும் அவருக்கு. இந்த நிலை மாற, எரிசக்தி ஆணையம் எனப்படும் சுருஹான்ஜாயா தெனாகா வழங்கும் தகுதிச் சான்றிதழ் வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1990ஆம் ஆண்டு மின் விநியோகச் சட்டமும் 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகளும்தான் இதற்கு அடிப்படை. வயரிங் வேலையைத் தகுதிச் சான்றிதழ் உள்ளவர் செய்ய வேண்டும், அல்லது அவருடைய நேரடி மேற்பார்வையில் நடக்க வேண்டும். வேலையின் மேற்பார்வைக்கும் நிறைவுக்கும் பாரம் ‘ஜி’, சோதனைக்குப் பாரம் ‘எச்’. இவ்விரண்டிலும் தகுதி பெற்றவரின் கையெழுத்து அவசியம்.

பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. எஸ்கேஎம் எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ் வேறு, இந்தத் தகுதிச் சான்றிதழ் வேறு. எஸ்கேஎம் உங்கள் திறனைக் காட்டும். சட்டப்படி கையெழுத்துப் போடும் உரிமையை அது மட்டும் தந்துவிடாது.

எந்தப் பிரிவு?

வீட்டு வயரிங் செய்பவர்கள் வயர்மேன், அதாவது ‘பெண்டாவாய்’ பிரிவில் வருவார்கள். சிங்கிள் பேஸ் வேலைக்கு பிடபிள்யூ 2, த்ரீ பேஸ் வேலைக்கு பிடபிள்யூ 4 என்று பயிற்சி நிலையங்களில் சொல்வார்கள். தொழிற்சாலை, பாமாயில் ஆலை போன்ற இடங்களில் மின் கருவிகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு ‘பெஞ்சாகா ஜென்தெரா’ பிரிவு. இதை சார்ஜ்மேன் என்றும் சொல்வதுண்டு. உங்கள் வேலை எதுவோ, அந்தப் பிரிவுக்கே தயாராகுங்கள்.

எதைப் படிக்க வேண்டும்?

முதலில் கணக்கு. நம் நாட்டில் 2008 முதல் மின்னழுத்தம் சிங்கிள் பேஸுக்கு 230 வோல்ட், த்ரீ பேஸுக்கு 400 வோல்ட். பழைய புத்தகத்தில் 240, 415 என்று இருந்தால் கவனம் தேவை. 3 கிலோவாட் வாட்டர் ஹீட்டருக்கு 3000-ஐ 230-ஆல் வகுத்தால் சுமார் 13 ஆம்பியர் வரும்.

இதிலிருந்து ஒரு விதியை மனத்தில் பதியுங்கள்: சாதனம் இழுக்கும் மின்னோட்டத்தைவிட பிரேக்கர் பெரிதாக இருக்க வேண்டும், பிரேக்கரைவிட கேபிளின் தாங்குதிறன் பெரிதாக இருக்க வேண்டும். பிரேக்கர் அடிக்கடி விழுகிறது என்று கேபிளை மாற்றாமல் பெரிய பிரேக்கரை மாட்டினால், பிரேக்கர் விழாது, கேபிள் சூடாகி எரியும். பழைய லயன் வீடுகளில் பியூஸுக்குப் பதில் தடித்த கம்பி கட்டுவதும் இதே தவறுதான்.

இரண்டாவது, ஈஎல்சிபி என்று நாம் பழக்கத்தில் சொல்லும் கசிவு மின் துண்டிப்பான். கையில் பிடித்து இயக்கும் சாதனங்கள் பயன்படும் இடத்தில் 30 மில்லிஆம்பியர், குளியலறை போல் தரை ஈரமாகும் இடத்தில் 10, மற்ற இடங்களில் 100 என்று விதிமுறை பிரிக்கிறது. எண்ணை மட்டும் மனப்பாடம் செய்யாமல் காரணத்தையும் புரிந்துகொள்ளுங்கள். ஈரத்தில் உடல் வழியாக மின்சாரம் எளிதில் பாயும். அதனால்தான் அங்கே குறைந்த கசிவிலேயே மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும்.

மூன்றாவது, நிறம். பழைய த்ரீ பேஸ் வயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றுமே லைவ், கறுப்பு நியூட்ரல். சாதனங்களின் வளையும் வயரிலோ பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல். ஒரே நீலத்துக்கு இரண்டு அர்த்தம். நிறத்தை நம்பிக் கைவைக்கக் கூடாது, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே தொட வேண்டும்.

ஐந்து சோதனைகள்

அனுபவம் உள்ளவர்களும் தடுமாறக்கூடிய பகுதி இது. வேலை முடிந்ததும் சுவிட்சைத் தட்டி விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம். எர்த் வயர் அறுந்திருந்தாலும் விளக்கு எரியும். ஆகவே இந்த ஐந்தையும் வரிசையாகச் செய்து பழகுங்கள்:

1. தொடர்ச்சி: எர்த் உள்ளிட்ட வயர்கள் எங்கும் அறுபடவில்லையா?
2. இன்சுலேஷன்: 500 வோல்ட் டிசி கொடுத்து அளக்கும்போது குறைந்தது 1 மெகாஓம் காட்ட வேண்டும். அதற்கு முன் பல்புகளையும் மின்னணுச் சாதனங்களையும் கழற்றிவிட வேண்டும்.
3. துருவம்: சுவிட்ச் லைவ் வயரில்தான் இருக்கிறதா? நியூட்ரலில் இருந்தால் விளக்கு அணைந்த பிறகும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும்.
4. எர்த் கம்பியின் மின்தடை.
5. கசிவு மின் துண்டிப்பான் குறித்த நேரத்தில் விழுகிறதா?

மொழித் தடை

பயிற்சியும் பாரங்களும் மலாயில் இருப்பதால், வேலை தெரிந்தும் கேள்வி புரியாமல் போகலாம். இந்தச் சொற்களைப் பழகிக்கொள்ளுங்கள்: பெம்பூமியான் என்றால் எர்த், பெனெபாத்தான் இன்சுலேஷன், கெதெருசான் தொடர்ச்சி, கெகுத்துபான் துருவம், ரிந்தாங்கான் மின்தடை, பெமுத்துஸ் லித்தார் பிரேக்கர், பாப்பான் அகிஹான் டிபி பெட்டி. தினமும் மாலையில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து, ஒருவர் மலாயில் கேட்க மற்றவர் பதில் சொல்லிப் பழகினால் தயக்கம் போகும்.

எங்கே விசாரிப்பது?

ஆணையத்தின் தலைமையகம் புத்ராஜெயாவில் உள்ளது. மலாக்காவையும் நெகிரி செம்பிலானையும் கவனிக்கும் வட்டார அலுவலகம் மலாக்காவின் ஆயர் குரோவில் இருக்கிறது. தாபோ நானிங்கில் உள்ள அட்டெக் மலாக்கா, ஐஎல்பி என்று நாம் அழைத்துவந்த செலண்டார் பயிற்சிக் கழகம் ஆகியவற்றிலும் கேட்கலாம். தனியார் வகுப்பில் பணம் கட்டும் முன், அந்தப் பயிற்சியை ஆணையம் அங்கீகரித்திருக்கிறதா என்று ஆணையத்திடமே கேட்டு உறுதி செய்யுங்கள். எந்த ஆண்டு, யாரிடம், என்ன வேலை செய்தீர்கள் என்பதை முதலாளியிடம் கடிதமாக வாங்கி வையுங்கள்.

சான்றிதழ் கிடைத்ததும் சொந்தக் கம்பெனி தொடங்கிவிட முடியாது. மின் குத்தகையாளராக ஆணையத்திடம் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். ஆனால் அந்தப் பாதைக்கு முதல் படி இந்தச் சான்றிதழ்தான். நாம் வயர் இழுத்த வீட்டுக்கு நாமே பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடும் தகுதியை அது தருகிறது.