கிராம்வெல்: வீரரோ, கொடுங்கோலரோ?

1649-ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ் சிரச்சேதம் செய்யப்பட்டார். அம் மரண சாசனத்திற் கையொப்பமிட்டோருள் ஆலிவர் கிராம்வெல்லும் ஒருவர். மன்னரின் செருக்கை அடக்கிய வீரரென ஆங்கிலேயருட் பலர் அவரைப் போற்றுவர். அவ்வாண்டிலேயே திரொகடா நகரிற் சரணடைந்த வீரரையும் பாதிரிமாரையும் கொல்வித்த கொடியரென ஐரிஷ் மக்கள் தூற்றுவர். எப் பார்லிமெண்டின் பொருட்டுப் போர் புரிந்தாரோ, அதனையே 1653-இற் படைவலியாற் கலைத்தவரும் அவரே. 1658-இல் இறந்த அவர்தம் உடல், 1661-இல் தோண்டியெடுத்துத் தூக்கிலிடப்பட்டது. 1899-இலோ லண்டனிற் பார்லிமெண்ட் மாளிகையின் புறத்தே அவர்க்குச் சிலை எழுந்தது. யாம் கருதுவது இது: அரசனை எதிர்த்த ஆண்மைக்குப் புகழும், சரணடைந்தோரைக் கொன்றமைக்குப் பழியும் ஒருங்கே உரியன, ஒன்று மற்றொன்றைத் துடையாது. தலைவர் எவரையும் போற்றுமுன் நம்மவர் குணமும் குற்றமும் தனித்தனி நிறுத்துக் காண்பாராக.